வடிகட்டியைத் தாண்டிய பூனைக்குட்டி

சூதாட்ட விடுதியின் வாசலில் நிற்கும் அந்தக் காவல்காரருக்கு ‘வடிகட்டி’ என்று பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள். பதினெட்டு நிரம்பாத கொசுகூட அவரைத் தாண்டி உள்ளே பறந்ததில்லை. ஒருமுறை பள்ளிக்கூடத்துப் பயல் ஒருவன் சித்தப்பாவின் கோட்டு, தாத்தாவின் கண்ணாடி, ஒட்டு மீசை சகிதம் வந்து நின்றான். வடிகட்டி அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுப்பாடம் முடிந்ததா என்று மட்டும் கேட்டார். பழக்க தோஷத்தில் பயல், “இன்னும் இல்ல சார்” என்று சொல்லிவிட்டான். மீசை அங்கேயே உதிர்ந்தது.

வீட்டிலும் அதே உத்தியோகம்தான். ஏழு வயது மகள் சமையலறைக்குள் வர வேண்டுமென்றால், அவர் குறுக்கே நீட்டிய கையின் முன் நின்று வயதைச் சொல்ல வேண்டும். “நூறு” என்பாள். கை விலகும்.

பூனைக்குட்டி விளையாட்டு வேண்டும் என்று அவள் கைபேசியை நீட்டியபோதும் முறைப்படி வயதைத்தான் பார்த்தார். நான்கு வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது. இவளுக்கு ஏழு. உள்ளே விட்டார்.

அன்று அவருக்கு விடுமுறை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவரின் காதில் கிணுகிணுவென்று ஒரு மணியோசை விழுந்தது. கத்தி நின்றது. வேலையில் பொழுதெல்லாம் முதுகுக்குப் பின்னால் சூதாட்ட இயந்திரங்களிலிருந்து கேட்கிற ஓசை. கூடத்தை எட்டிப் பார்த்தார். பூனைக்குட்டிக்குப் பரிசு தரும் வண்ணச் சக்கரம் திரையில் சுழன்றது. கிரீடம் வரைந்த கட்டத்தை நெருங்கி, தயங்கி, ஒரு கட்டம் தள்ளிப்போய் நின்றது. மகள் திரையை உள்ளங்கையால் தடவி, ஊதினாள். விடுதியில் மூலை இயந்திரத்தை விட்டு எழாத கிழவர் தடவுவதும் ஊதுவதும் இப்படித்தான்.

“ஜஸ்ட் மிஸ்ஸுப்பா. அடுத்தது எனக்குத்தான்.”

கிழவரின் பேச்சு, ஓர் எழுத்துப் பிசகாமல்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, காசா பணமா, வெறும் பூனைதானே என்றாள். “நீங்கதானே வயசு பாத்து விட்டீங்க?”

அந்தக் கேள்விதான் அவரை உலுக்கிப் போட்டது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் தடுத்து நிறுத்தியவர், சொந்த மகளுக்குத் தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

திரைக்கும் அவள் விரலுக்கும் நடுவே கையை நீட்டினார். வாசலில் கணீரென்று ஒலிக்கும் குரல் பாதிதான் வந்தது.

“வயசு என்னம்மா?”

மகள் நிமிரவே இல்லை.

“நூறு. கைய எடுப்பா, சுத்தணும்.”

கை விலகவில்லை.