தொட மாட்டோம், தொட

சுப்பையா அண்ணன் இறந்துவிட்டதைச் சாயாக்கடையில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. பத்து மணிக்குச் சங்கக் கூட்டம் இருந்தது. கூட்டத்துக்கு வராமலிருக்க அவர் எந்தக் காரணமும் சொன்னதில்லை.

மட்டாஞ்சேரி கிடங்குகளில் அவரோடு மூட்டை தூக்கி, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்ல? திருநெல்வேலியிலிருந்து வந்தார். மிளகு சுமந்தார். சங்கச் செயலாளர் ஆனார். ஆன பிறகும் சுமந்தார்.

எம்.ஏ. முடித்து நான் சும்மா இருந்த காலம். கோஷம் எழுதித் தரச் சொன்னார். 'முதுகு ஒரு கேள்வி, மௌனம் அதன் சுமை' என்று எழுதினேன். வாய்விட்டுப் படித்தார்.

"கொள்ளாம் தம்பி, நல்லாருக்கு. ஆனா இதைக் கேட்டு மந்திரி பயப்பட மாட்டாரு. நம்ம ஆளுங்கதான் பயப்படுவாங்க."

அந்த வருடம் அரசு ஓய்வூதிய விதியை மாற்றியது. முன்பு வயதானால் போதும். இனி, மூட்டை தூக்க இயலாதவர் என்று டாக்டர் முன்னால் காட்ட வேண்டும். "ஆயுசு பூரா தூக்கினதுக்குப் பென்ஷன் கேட்டா, முதுகு ஒடிஞ்சிருக்கான்னு பாக்கான்" என்றார் அண்ணன். அவருக்கும் வயது ஆகியிருந்தது. அவருடைய ஓய்வூதியமும் அதில்தான் இருந்தது.

சமரம் தொடங்கியது. எங்கள் போராட்டம் ஒன்றே ஒன்று: சோதனைக்கு வைக்கும் மூட்டையில் யாரும் கை வைக்கக் கூடாது. தீர்மானம் அவருடையது. எழுதியவன் நான்.

அந்த நாள். கிடங்கு முற்றம். அதிகாரி, டாக்டர், ஒரு மிளகு மூட்டை. எதிரே வரிசையாகக் கைகட்டி உட்கார்ந்த கிழவர்கள். "தொட மாட்டோம், தொட மாட்டோம்" என்று அண்ணன் முன்னால் நின்று கத்தினார்.

அதிகாரி நல்ல மனிதர். "சும்மா தலையைக் கொடுத்துப் பாருங்க, போதும்" என்று சொல்லி, இரண்டு குமாஸ்தாக்களை விட்டு மூட்டையை உயர்த்திப் பிடிக்கச் செய்தார். அவர்களுக்குத் தூக்கிப் பழக்கமில்லை. மூட்டை சரிந்தது.

"தொட மாட்டோம், தொட" என்றபடியே அண்ணன் போய்த் தலையைக் கொடுத்தார்.

தலைமேல் மூட்டை வந்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது.

"எலே, இறக்கக் கை கொடுங்கலே."

யாரும் எழவில்லை. எப்போதும் அவருக்குக் கை கொடுக்கும் கண்ணப்பன் சொன்னார்: "கை வைக்கப்படாதுன்னு நீங்கதானே அண்ணே பாஸாக்கினீங்க."

"அது ஏத்துறதுக்குலே. இறக்குறதுக்கு இல்ல."

"அப்படி எழுதியிருக்கா தம்பி?" என்று கண்ணப்பன் என்னைக் கேட்டார்.

இல்லை என்றேன். அண்ணன் மூட்டையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். கழுத்து திரும்பவில்லை. முழு உடம்பும் திரும்பியது.

கடைசியில் அதிகாரியும் டாக்டரும் சேர்ந்து இறக்கினார்கள். டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பின்னே என்ன, சாருக்குப் பென்ஷன் எழுதுங்க" என்றார் கண்ணப்பன். அதிகாரியும் சிரித்தார். அன்றைய சோதனை அதோடு முடிந்தது.

பல மாதச் சமரத்துக்குப் பின் விதியே போனது. எல்லோருக்கும் ஓய்வூதியம் வந்தது, அண்ணனைத் தவிர. சோதனையில் மூட்டை தூக்கிய ஒரே ஆள் அவர். 'திறனுள்ளவர்' என்று குறிப்பெழுதி மேலிடத்துக்குப் போன அவர் கோப்பு திரும்பி வரவே இல்லை. கேட்கப் போகலாம் என்றேன். "ஜெயிச்சாச்சுல்லா. சாயா குடி" என்றார். கடைசிவரை சுமந்தார்.

நேற்று சுடுகாட்டில், தோளில் பாடையோடு நான்கு பேரும் நின்றுவிட்டார்கள். இறக்கச் சொல்லிக் குரல் கொடுப்பது எப்போதும் அவர். முன்னால் நின்ற கண்ணப்பன் என்னைப் பார்த்தார்.

"தீர்மானம் ஒண்ணும் இல்லையே தம்பி?"

இல்லை என்றேன். கை கொடுத்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாதிக் கோஷம். நான் எழுதிய எதையும்விட அது நன்றாக இருக்கிறது.