கிரில் கதவில் தொங்காத கேரியர்

நாங்கள் அந்தச் சமையலறையை மூடியது தப்பா, மூடிய விதம்தான் தப்பா? ஐந்து மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சமைத்து, பக்கத்து அடுக்குமாடிகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்போம். தொடங்கியபோது பன்னிரண்டு பெண்கள். கடைசியில் நான்கு பேர். நான் செயலாளர், மகன் பிறந்த பிறகு பாதி நாள் போகவில்லை. ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல், சமைக்கும் அக்காவுக்கு இடுப்புப் பிடிப்பு. அன்று ஒருவருக்கும் சாப்பாடு போகவில்லை. அன்றைக்கே முடிவெடுத்திருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு இன்னும் ஓராண்டு இழுத்தோம்.

பிறகு பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஒரு பெரிய அமைப்பு, எங்கள் முதியவர்களைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. அவர்களிடம் வேன் இருந்தது, சம்பளத்துக்கு ஆள் இருந்தது. சாப்பாடு எங்களுடையது போல டிபன் கேரியரில் இல்லை, காகிதப் பெட்டியில் வரும்.

"நல்லதா போச்சுலா," என்றார் அக்கா. "கேரியர் கழுவிக் கழுவி என் கைரேகையே அழிஞ்சிருச்சு. இனி எந்த ஜோசியக்காரன் என்னத்தப் பார்ப்பான்?"

சிரித்தோம்.

ஒப்படைப்பு ஒரே பிற்பகல் கூட்டத்தில் முடிந்தது. பெயர், மாடி, சைவமா, சர்க்கரை நோய் உண்டா என்று மகனை மடியில் வைத்துக்கொண்டு பட்டியல் தட்டினேன். அவன் அழுதான். கூட்டம் முடியும் முன்பே கிளம்பிவிட்டேன்.

பட்டியலில் ஒன்று விடுபட்டது. முதியவர்கள் முந்தின நாள் டிபன் கேரியரைக் கழுவி, காலையில் கிரில் கதவில் மாட்டி வைப்பார்கள். நாங்கள் அதை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கேரியரை மாட்டுவோம். வெறும் கேரியர் தொங்கவில்லை என்றால் கதவைத் தட்டுவோம். திறக்காவிட்டால் பக்கத்து வீட்டைக் கூப்பிடுவோம். யாரும் போட்ட விதி இல்லை, பழகிப்போனது. எழுதவேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் மாடியில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர் இருந்தார். கைமாறிய இரண்டாம் வாரம் குளியலறையில் விழுந்துவிட்டார். மூன்றாம் நாள்தான், கிரில்லில் மூன்று சாப்பாட்டுப் பைகள் எறும்பு மொய்த்துத் தொங்குவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வார்டில் போய்ப் பார்த்தேன். பெட்டியில் சாப்பாடு வரத் தொடங்கிய பிறகும் அவர் தன் கேரியரைத் தினமும் காலையில் மாட்டி, சாயங்காலம் உள்ளே எடுத்து வைத்தாராம்.

"ஏன் அங்கிள்?"

"நான் உசுரோட இருக்கேன்னு தெரியணும்லம்மா. ஆளு மாறுனா என்னா, கேரியர் காணோம்னா தட்டுவாங்கன்னு படுத்துக் கெடந்தேன்."

அவர்களுக்கு அது தெரியாது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அந்த வார்டிலேயே இறந்துபோனார்.

புதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் தவறாமல் சாப்பாடு போகிறது. எங்களால் அது முடிந்ததில்லை. நான் சொன்ன பிறகு தட்டவும் செய்கிறார்கள். தெம்பிருந்தபோதே மூடியிருந்தால், ஒரு மாதம் அவர்களோடு மாடி ஏறி இறங்கியிருப்போம். அப்போது கேரியர் தொங்காத கதவை நாங்கள் தட்டுவதை அவர்களே பார்த்திருப்பார்கள். அல்லது இதுவும் நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமா?

இப்போது கிள்ளானில் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்தும் என் தோழிகள் வேறோர் அமைப்போடு சேரப் போகிறார்கள். ஒப்படைக்கும்போது என்ன எழுத வேண்டும் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். இப்படி ஒன்றை மூடியவர்கள் உங்களில் இருப்பார்கள். பழக்கத்தில் செய்துகொண்டிருந்ததை எப்படிக் கண்டுபிடித்து எழுதினீர்கள்? எனக்கு எழுதுங்கள். அவர்கள் அடுத்த மாதம் கையெழுத்துப் போடுகிறார்கள்.