அப்பாதுரை ஏற்றிய மேகம்

ஸ்ரீராம்புரத்தின் நூற்றிருபது தெருவிளக்குகளும் அப்பாதுரையின் வலது கையில் இருந்தன. சாயங்காலம் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து கைப்பிடியை மேலே தள்ளுவான்; விடியற்காலையில் கீழே இழுப்பான். முனிசிபாலிடி கொடுத்த வேலை அவ்வளவுதான். அவனோ அல்சூர் கோவிந்தப்பாவிடம், "எங்க பேட்டையில ராத்திரியே கிடையாது மாமா" என்று அளந்துவிட்டிருந்தான். அவர் மகள் பாஞ்சாலியைக் கட்ட வேண்டுமென்றால் அளக்காமல் முடியுமா?

ஆவணிப் பௌர்ணமி நல்ல நாள், மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம் என்று கோவிந்தப்பா சொல்லியனுப்பினார். அப்பாதுரை துள்ளிக் குதித்தான். அப்புறம்தான் உறைத்தது: பௌர்ணமியை ஒட்டி ஐந்து நாள் தெருவிளக்கு போடக் கூடாது. நிலா காயும்போது கரண்டு எதற்கு என்பது முனிசிபாலிடியின் சட்டம். மீறினால் வேலை போய்விடும்.

அன்று நிலாவும் ஏமாற்றியது. கறுத்த மேகம் வானத்தை மூடி, ஓட்டுக்கூரையைத் தொடுவதுபோலத் தாழ்ந்து கிடந்தது. தெருமுனையில் கோவிந்தப்பாவின் குரல் கேட்டது.

"எங்கேய்யா வெளிச்சம்? இந்த இருட்டுல என் பொண்ணு சாக்கடை மோரியில விழுந்து வைக்கப் போறா!"

பாஞ்சாலியும் வந்திருக்கிறாளா! அப்பாதுரை சுவிட்சுப் பெட்டிக்கு ஓடினான். கை தானாகக் கைப்பிடியைத் தள்ளிவிட்டது. பேட்டை பளிச்சென்றது.

வந்தவர்கள் திண்ணையில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோதே வாசலில் சைக்கிள் மணி அடித்தது. விளக்கு இன்ஸ்பெக்டர் ஸ்ரீகண்டன், மல்லேஸ்வரத்திலிருந்து மிதித்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கினார்.

"யாரைக் கேட்டுடா லைட்டு போட்டே?"

"மல்லேஸ்வரத்துல இருந்த உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"மேல பாரு. மேகம் காட்டிக் குடுக்குது! ஊர் பூரா வானம் கன்னங்கரேல்னு இருக்கு. உன் பேட்டைக்கு மேல மட்டும் சிவப்பு."

எல்லோரும் தெருவில் இறங்கி அண்ணாந்தார்கள். உண்மைதான். மேகத்தின் அடிவயிறு, சாம்பலுக்குள் கனலும் கரி மாதிரி மங்கலாகச் சிவந்திருந்தது.

"அது நிலா சார்…"

"நிலான்னா எங்க மல்லேஸ்வரத்து மேகத்துலயும் அடிக்காதா? அதுவும் வெளுப்பா இல்ல இருக்கும்? இது உன் பல்பு வெளிச்சம்ப்பா. மேல போய் மேகத்துல பட்டுத் திரும்பி வருது. அணை, தெரியும்."

அப்பாதுரை ஓடிப்போய் அணைத்தான். மேகம் காணாமல் போயிற்று. இருட்டில் பாஞ்சாலி களுக்கென்று சிரித்தாள்.

"அப்பா, அவரை இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்கப்பா!"

கோவிந்தப்பா தயங்கினார். ஸ்ரீகண்டனுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. "சரி, போடு."

மேகம் வந்தது. பாஞ்சாலி கைதட்டினாள்.

"அணை!" போயிற்று. "போடு!" வந்தது. தெருவே வெளியில் வந்து கூத்தாடியது. அண்ணாந்தே நின்றதில் தலைசுற்றிய இன்ஸ்பெக்டர், கோவிந்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு தரம்!" என்று கத்தினார்.

கடைசியில் புகார் எழுத நோட்டை எடுத்தவர் யோசித்தார். முதல் தடவை தவிர மற்றதெல்லாம் அவர் உத்தரவு. நோட்டை மூடிச் சட்டைப்பையில் போட்டார்.

"அணைச்சுட்டுப் போய்ப் படு. நான் இந்தப் பக்கமே வரலை."

விளக்கு அணைந்தது. பாஞ்சாலியின் சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

"இவ இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை" என்றார் கோவிந்தப்பா. "இதுக்கு மேல என்ன யோசனை? தாம்பூலம் மாத்திக்கலாம்."

சொன்ன கையோடு, கொண்டுவந்திருந்த தாம்பூலத் தட்டை மாப்பிள்ளையிடம் நீட்டினார். அந்தக் கும்மிருட்டில் அதை வாங்கிக்கொண்டவர் ஸ்ரீகண்டன்.