பொறிப்பெட்டிக்கு வைத்த பொட்டு

"இவ நெசமாவே வாசிக்காளா, இல்ல சும்மா சத்தம் போடுதாளா?"

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியிலிருந்து நான் ஆங்கிலப் புத்தகத்தோடு வந்த அன்று அத்தை கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எழுத்தறிந்தவர் எவரும் இல்லை. ஆகவே அதைப் பொறாமை என்றே எடுத்துக்கொண்டேன்.

அத்தையின் கணவரான மாமா ஒரு வக்கீலின் மோட்டாரை ஓட்டிவந்தார். ஒருநாள் காலை அது கிளம்ப மறுத்தது. எஞ்சினுக்கு நெருப்புப்பொறி தரும் மரப்பெட்டி ஒன்று அதில் உண்டு. அது கெட்டிருந்தால் மாமா வேலைக்கு வரவேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெட்டியையும் பாட்டரியையும் கழற்றி, சோதித்துப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தார் மாமா.

காய்ந்த பலகைமேல் எல்லாவற்றையும் வைத்தார். கைகளை வேட்டியில் இருமுறை துடைத்தார். பெட்டி மூடியின் உட்புறம் ஆங்கிலத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது.

"வாசி தாயி."

எழுந்து நின்று, பள்ளியில் போலவே, ஓரெழுத்தும் பிசகாமல் வாசித்தேன்.

"என்னமா வாசிக்கா!" மாமா பூரித்துப்போனார். பொருளை யாரும் கேட்கவில்லை.

பாட்டரிக் கம்பியை மாட்டியதும் பெட்டி வண்டுபோல இரைந்தது. ஆனால் அதிலிருந்து வந்த தடித்த கம்பிக்கும் எதிரே வைத்த ஆணிக்கும் நடுவில் பொறி தாவவில்லை. மாமாவின் முகம் வெளிறியது.

"பொட்டு வைக்காம தொட்டா எப்படி ஓடும்?" என்று அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். சோறு போடும் சாமானுக்குப் பொட்டிட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். மாமா தடுப்பதற்குள் அவளுடைய ஈரவிரல் பெட்டியில் அந்தத் தடித்த கம்பி மாட்டியிருந்த பித்தளைக் குமிழைத் தொட்டுவிட்டது.

அத்தை கத்தக்கூட இல்லை. கை தெறித்தது. சுவரில் மோதிச் சரிந்தாள். கிண்ணம் உருண்டு என் காலடியில் நின்றது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஆணியத்தான் தள்ளி வச்சுட்டேன்," என்றார் மாமா. முகமெல்லாம் சிரிப்பு. அதன் பிறகுதான் கீழே பார்த்தார். கம்பியைப் பிடுங்கியெறிந்துவிட்டு அவளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அத்தை கண் திறந்தாள். என்னைத்தான் தேடினாள்.

"ஏட்டி, அந்தத் தாள்ல என்னதான் எழுதியிருக்கு?"

நான் எழுந்து நின்று, முதல் வரியை முன்னைவிட உரக்க வாசித்தேன்.

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் சரியாகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்து மறுபடியும் வாசித்தேன். 'ஈரக் கையால் தொடாதே' என்றுதான் அந்த வரி சொன்னது என்று எனக்கு விளங்க மூன்று வருடம் ஆயிற்று.

இப்போது அதே பள்ளியில் நான் ஆசிரியை. ஒரு வரியை வாசித்து முடித்ததும் பிள்ளைகள் உட்காரப் பார்க்கிறார்கள். பொருளைச் சொல்லும்வரை நான் விடுவதில்லை.