சார்ஜென்ட்டின் இடப்பக்கம்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கில்கரன் ஊர்க்காரர்களுக்கு ஜெரமையா கலட்டியைக் கேலி செய்ய ஒரே ஒரு விஷயம்தான் அகப்பட்டது. மனிதர் தனியாகப் போனாலும் ரோட்டின் வலது ஓரத்தை ஒட்டியே நடப்பார். இடப்பக்கம் இன்னோர் ஆள் நடக்க இடம் விட்டிருப்பார். அவர் சார்ஜென்ட்டாக இருந்த பழைய பிரிட்டிஷ் போலீஸில் ரோந்து என்றால் இரண்டு பேர். இருபது வருடப் பழக்கம் காலில் ஊறிப்போயிருந்தது.

1922இல் லண்டனோடு ஒப்பந்தம் முடிந்து, நாடு எங்கள் கைக்கு வந்தது. பழைய போலீஸைக் கலைத்தார்கள். கலைக்க வேண்டியதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதிலும் மனிதர்கள் இருந்தார்கள். கலட்டிக்கு நஷ்டஈடாக ஓய்வூதியம் கிடைத்தது. பிரிட்டிஷ்காரர்கள் நடத்திய பாலஸ்தீனத்துப் போலீஸில் வேலையும் காத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவருக்கோ ஊரை விட்டுப் போக மனமில்லை. கை கால் திடமாக இருக்கும்போது உட்கார்ந்து தின்னவும் மனமில்லை.

அந்தச் சமயம் பார்த்து மாட்டுச் சந்தையில் சுங்கம் வசூலிக்க ஆள் தேடினார்கள். முன்பிருந்தவன் வசூலையெல்லாம் குடித்தே தீர்த்திருந்தான். சந்தைக் கமிட்டியின் தலைவர் ஃபெஸ்டி மானியன். மலையில் கள்ளச்சாராயம் காய்ச்சியதற்காக அவரைப் பிடித்து உள்ளே தள்ளியவரே கலட்டிதான்.

மனைவி ஹனோரா விஷயத்தைக் கேட்டதும் டிரங்குப் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். "ஃபெஸ்டியா தலைவரு? அப்ப வேல கிடைச்ச மாதிரிதான். பாலஸ்தீனத்துல வெயில் ஜாஸ்தியாம், தொப்பிய எடுத்து வையுங்க."

கலட்டி கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார். நாற்காலி இருந்தும் உட்காராமல், விறைப்பாக நின்றார். கமிட்டியில் இருந்த பள்ளி ஆசிரியர் டியர்னன் எடுத்த எடுப்பில் கேட்டார்: "ராஜாவோட கிரீடம் போட்ட பட்டன மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச ஆளுதானே நீங்க?"

"ஆமா, மாட்டியிருந்தேன். அதுல அழுக்குப் படாம பாத்துக்கிட்டேன்."

ஃபெஸ்டி தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இந்தாளு மேல பிரியமெல்லாம் கிடையாது. கால்வே ஜெயில்ல என்னைக் கம்பி எண்ண வச்சவரு. ஆனா ஒண்ணு. என் சரக்கப் புடிச்ச அன்னைக்கு மலையில மழை, எலும்பு வரைக்கும் குளிரு. கூட வந்த போலீஸ்காரங்க ஆளுக்கு ஒரு வாய் கேட்டாங்க. இவரு பீப்பாயக் கவுத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் ஓடையில ஊத்திட்டாரு. நான் காச்சுனதுலயே அருமையான சரக்கு அது. பாவி மனுஷன், மோந்துகூடப் பாக்கல. எனக்கு அழுகையே வந்துருச்சு."

அறையே சிரித்தது.

"இப்ப சொல்லுங்க, சந்தைப் பணத்த வேற எவன் கையில குடுக்கறது?"

டியர்னன் மட்டும் கையைத் தூக்கவில்லை.

வீடு திரும்பும்போது கலட்டி வழக்கம்போல வலது ஓரத்தில் நடந்தார். பின்னால் வந்த ஃபெஸ்டி அந்தக் காலி இடத்தில் வந்து சேர்ந்துகொண்டார். கடைவாசல்களில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கலட்டிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சீருடையில்கூட அவர் இத்தனை பெருமையாக அந்தத் தெருவில் நடந்ததில்லை.

"போன தடவ இந்த ரோட்டுல உங்க பக்கத்துல நடந்தப்போ என் கையில விலங்கு இருந்துச்சு, சார்ஜென்ட்" என்றார் ஃபெஸ்டி.

"இப்ப நான் சார்ஜென்ட் இல்ல."

"அத நாங்க சொல்லணும்."

வாசலில் நின்ற ஹனோரா இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்தாள். நேரே உள்ளே போய், பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள்.