இரண்டாம் கட்டிலின் எழுபத்தொரு நொடி

இது கதையில்லை. இலோக்கோஸ் பகுதியின் லாவோக் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது, நடந்தபடி. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் தூக்கத்தில் என் மூச்சு நின்றுபோகட்டும். அது எப்படியும் நிற்கிற மூச்சுதான் என்பது வேறு விஷயம்.

டாக்டர் எஸ்தெலா தும்லாவ் ஆறு வருஷமாக மனிதர்களின் நாக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சிலருக்குத் தூக்கம் வந்ததும், பிடரிக்குள் இருக்கும் மூளைத்தண்டு நாக்குக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடும். நாக்கு தளர்ந்து தொண்டையை அடைக்கும். மூச்சு நிற்கும். மூளை பதறி எழுப்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு... ஒரே தூக்கத்தில் முந்நூறு தடவை. தூக்கத்திலும் அந்தக் கட்டளை அறாமலிருக்க ஒரு மாத்திரை. அதைத்தான் அவர் சோதித்துக்கொண்டிருந்தார்.

மூன்று கட்டில்கள். ஒன்றிலும் மூன்றிலும் படுத்தவர்களுக்கு மூச்சு நிற்பது பாதியாகக் குறைந்தது. இரண்டாம் கட்டிலில் யார் படுத்தாலும் கூடியது. அதே மாத்திரை!

எஸ்தெலா மூச்சை அளக்கும் நெஞ்சுப் பட்டையை மாற்றினார். கம்பிகளை மாற்றினார். மெத்தையை மாற்றினார். ம்ஹூம். ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் மணிலா குழு கடிதம் போட்டது: வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாம் கட்டிலுக்கு விளக்கம் வராவிட்டால் ஆராய்ச்சி மூடப்படும்.

"கட்டிலை மட்டும் மாத்தலையே, டொக்டோரா," என்றாள் கருவிகளைக் கவனிக்கும் வில்மா.

"அதுக்கென்ன? நல்ல மரம்."

"அதைத்தான் சொல்றேன். முத்தத்து மரத்தை வெட்டி நம்ம தச்சர் அடிச்சது இது ஒண்ணுதான். வெட்டுறதுக்கு முன்னாடி யாராச்சும் அனுமதி கேட்டாங்களா?"

"நகராட்சில கேட்டோம். முத்திரை போட்ட கடுதாசியே இருக்கு."

"நகராட்சியா அந்த மரத்துல குடியிருந்துச்சு?"

மரத்தில் யார் குடியிருப்பாள் என்று இலோக்கோஸில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். பெருத்த உடம்புக்காரி, மரத்துப் பேய். மரத்தை வெட்டினால் மரம் போன இடத்துக்கே கூடப் போவாள். அதில் தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்காருவாள். அவன் கட்டைவிரலைக் கடித்தால்தான் இறங்குவாள்.

"வில்மா, நீ பி.எஸ்ஸி. படிச்சவதானே?"

"படிச்சேன். அதுக்காக என்னை அதுல படுக்கச் சொல்லிடாதீங்க."

வியாழக்கிழமை, பகல் 1.10. இரண்டாம் கட்டிலுக்குக் கடைசி ஆள் வந்தார். ஃபெலிங், நெல் ஆலையின் இராக்காவலாளி. அவருக்குப் பகலில்தான் தூக்கம்.

"மனோங், என்ன சாப்பிட்டீங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் வில்மா.

"முட்டை வச்சுப் பொரிச்ச எம்பனாடா, ரெண்டு."

"ரெண்டுதானா?"

"மூணாவது பையில இருக்கும்மா. கண்ணு வைக்காதே."

1.25. மாத்திரை கொடுத்தார்கள். நாக்குக்கு வரும் கட்டளையைப் பதிய அதில் மயிரிழைக் கம்பி ஒன்றைப் பொருத்தினார்கள். 1.40. குறட்டை. எஸ்தெலாவும் வில்மாவும் அடுத்த அறையில், கணினித் திரைக்கு முன்னால்.

1.58. மூச்சு நின்றது.

பத்து நொடி... இருபது... எஸ்தெலா மேசையைக் குத்தினார். "மறுபடியுமா! சனியன் பிடிச்ச நாக்கு!"

"டொக்டோரா... நாக்கைப் பாருங்க."

நாக்கின் கோடு துடித்துக்கொண்டிருந்தது. கட்டளை வருகிறது. நாக்கு விறைப்பாக நிற்கிறது. தொண்டை அடைபடவில்லை. மாத்திரை வேலை செய்கிறது!

மூச்சு மட்டும் இல்லை.

முப்பத்தைந்து நொடி. வயிறு எக்கி எக்கித் தவித்தது. நெஞ்சுப் பட்டையின் கோடு எழும்பவில்லை. கீழே இறங்கியது... யாரோ அமுக்கினாற்போல.

நாற்பத்தெட்டு. க்ரீச்... கட்டில் முனகியது.

ஃபெலிங் அசையவில்லை.

"கேமராவுல மெத்தையைப் பாருங்க," என்றாள் வில்மா.

ஃபெலிங்கின் இடுப்புக்கு இருபுறமும் மெத்தை பள்ளமாகியிருந்தது. முழங்கால் அளவில்.

இரண்டு முழங்கால்.

அறுபது. எஸ்தெலா ஓடினார்.

தோளை உலுக்கினார். கன்னத்தில் அறைந்தார்.

எழவில்லை.

அறுபத்தெட்டு...

மூளைத்தண்டு, நரம்பு, மருந்து, ஆறு வருஷம். எல்லாவற்றையும் செருப்பைப்போல வாசலில் விட்டுவிட்டு, டாக்டர் ஃபெலிங்கின் கட்டைவிரலைக் கடித்தார்.

எழுபத்தொன்று.

க்ரீச்.

காற்று உள்ளே போனது.

ஃபெலிங் கண் விழித்தார். விரலைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். "பசிச்சா சொல்லியிருக்கலாமே, டொக்டோரா. பையில எம்பனாடா இருக்குன்னு சொன்னேனே."

மறுநாள் மணிலாவுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை எஸ்தெலா விரித்து வைத்தார். இரண்டாம் கட்டிலின் பதிவுகளை நீக்க வேண்டுமென்றால் காரணம் குறிக்க வேண்டும். நோயாளி, மருந்து, கருவி, ஊழியர் தவறு. நான்கே கட்டங்கள். அவருக்குத் தெரிந்த காரணத்துக்குக் கட்டம் இல்லை. அரை மணி நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு நான்காவது கட்டத்தில் குறியிட்டுத் தன் பெயரையே எழுதினார்.

மாத்திரை பிழைத்தது. ஆராய்ச்சி வேறொருவர் கைக்குப் போனது.

திங்கட்கிழமை வில்மா அந்த அறையின் ஒலிப்பதிவைக் கேட்டாள். ஃபெலிங்குக்கு மூச்சு நின்றதிலிருந்து எஸ்தெலா கதவைத் திறந்ததுவரை, வேறு ஆளில்லாத அந்த அறையில் யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள். மெதுவாக. ஆழமாக. நான்கு தடவை.

சொல்ல விட்டுப்போன ஒன்று. அந்த ஃபெலிங் நான்தான், 1.40 முதல் கட்டைவிரல் வலித்ததுவரை நான் நல்ல தூக்கத்தில் இருந்தேன்.