வெள்ளைத் தொட்டி ஆர்க்கிட்

அந்த வருஷம் ஐப்பசியில், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், எனக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை. ஒரு மாதம் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே கிடந்துவிட்டுக் கார்த்திகையில் மறுபடி வேலைக்குப் போனேன். தண்டையார்பேட்டையில் ஒரு குடோன் அலுவலகத்தில் கன்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. என்னிடம் என்ன பேசுவதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு ஆர்க்கிட் செடி வாங்கி என் மேஜையில் வைத்திருந்தார்கள். வெள்ளைப் பீங்கான் தொட்டி, வளைந்த தண்டில் ஊதா நிறத்தில் ஆறு பூக்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: வாரம் ஒருமுறை தண்ணீர், நேர் வெயில் கூடாது.

கூட்டமான பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா குனிந்து பார்த்து, "பிளாஸ்டிக் பூவாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நான் அதுவரை துளசிகூட வளர்த்ததில்லை.

வெளியே வைக்க முடியாது. எங்கள் பால்கனிக் கம்பியில் கை வைத்தால் கரி ஒட்டும். முன்னறை ஜன்னலோரம், தையல் மெஷின் மேல் வைத்தேன். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டும் என் கணவருக்கு அப்போது இரண்டாம் ஷிப்ட். மதியம் கிளம்புவார், நான் தூங்கிய பிறகு வருவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து கேஸ், பால் பாக்கெட், சாவி என்று இவற்றைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டோம். செடியைப் பார்த்து, "இன்னாது இது?" என்றார்.

"ஆபீஸ்ல குடுத்தாங்க."

"ம்."

அவ்வளவுதான்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இந்தச் செடிக்கு மண்ணே கிடையாது. பீங்கானுக்குள் இன்னொரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தொட்டி. அதில் கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும். வேர் வெளுத்திருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும் என்று அர்த்தம். ஞாயிறுதோறும் உள்தொட்டியைத் தூக்கித் தண்ணீர் ஊற்றி, வடியவிட்டு வைத்தேன். இலையை ஈரத்துணியால் துடைப்பேன். துணி கறுத்துப்போகும்.

மார்கழி வந்தது. பனிக்கு ஜன்னலைச் சாத்தினோம், மின்விசிறியும் ஓடவில்லை. வேர் வெளுக்கவே இல்லை. தினமும் சாயங்காலம் பீங்கான் தொட்டியின் அடியில் தண்ணீர் நின்றது. கொட்டினால் மறுநாளும் நின்றது. கரி குடித்த தண்ணீர் குளிரில் மெல்ல இறங்குகிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பூக்கள் ஒவ்வொன்றாகத் தொய்ந்து விழுந்தன. அடியிலை மஞ்சளாகி மெத்தென்று ஆனது. மாதவரத்தில் ஒரு நர்சரிக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். அங்கிருந்த அம்மா, "இதுக்குத் தண்ணியத்தாம்மா ஊத்தி ஊத்தி சாவடிப்பாங்க. காயவுடு" என்றார். வீடு வரும்வரை 'சாவடிப்பாங்க' என்ற வார்த்தை காதிலேயே நின்றது. அந்த ஞாயிறு நான் ஊற்றவில்லை. அப்படியும் வேர் பச்சையாகவே இருந்தது.

மறுவாரம் ஒருநாள் மழையால் அலுவலகத்திலிருந்து பாதி நாளில் அனுப்பிவிட்டார்கள். நான் கதவைத் திறந்தபோது என் கணவர் ஜன்னலோரம் நின்று, டம்ளரில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்ற நீ?"

"பாத்தா தெரியல? தண்ணி ஊத்தறேன்."

"தெனிக்கும் ஊத்திகினு கீறியா?"

"நீ எடுத்தாந்த நாள்லேர்ந்து. நீ கண்டுக்கலையேன்னு..."

"நீதான்யா சாவடிச்சிட்ட!" என்று கத்தினேன்.

அவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

"ஆமா. நான்தானே தூக்கினு போனேன்" என்றார்.

குழந்தையை எனக்குக் காட்டவில்லை. பார்க்காதே, மறக்க முடியாது என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். மயக்கத்தில் நானும் சரி என்றேன். அவரும் அவர் அண்ணனும் மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டியது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

செடிக்காக நான் கத்திய அன்றுதான் கேட்டேன். "மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

"ஒன்ன மாரியேதான். மூக்கு மட்டும் என்னுது." டம்ளரைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, "கையில கனமே இல்ல. துணிதான் கனமா இருந்துச்சு" என்றார்.

அவர் அன்று வேலைக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னை மூலக்கொத்தளம் அழைத்துப்போனார். மழைக்குப் பின் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. எங்கு பார்த்தாலும் புது மேடுகள். ஒரு வேப்பமரத்தருகே நின்றார், அடுத்த மரத்துக்குப் போனார், திரும்பி வந்தார். "இங்கதான்... இந்த மரத்தாண்டன்னுதான் நெனச்சேன்" என்று குந்தி உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

"எங்கியோ இங்கதான் கீறா" என்றேன். வேறு என்ன சொல்வது. கொண்டுபோன பூவை இரண்டு மரங்களுக்கும் நடுவில் வைத்துவிட்டு வந்தோம்.

அன்று சாயங்காலம் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தோம். வேர்கள் பழுப்பாகி, விரலில் பிடித்தால் தோல் வழுக்கிக் கழன்றது. அழுகியதையெல்லாம் பிளேடால் வெட்டினேன். நல்ல வேர் இரண்டுதான் மிஞ்சியது. வெட்டிய இடம் மேலும் அழுகாமலிருக்கச் சமையலறையிலிருந்த லவங்கப்பட்டையைப் பொடித்துத் தடவினேன். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கரி வாங்கிவந்து என் கணவர் சின்னச் சின்னதாக உடைத்துக் கழுவித் தந்தார். பீங்கான் தொட்டியைப் பரணில் போட்டோம். அதற்குப் பிறகு டம்ளரை எடுக்குமுன் என்னைக் கேட்பார்: "இன்னிக்கு ஊத்தணுமா?" பெரும்பாலும் வேண்டாம் என்பேன்.

பொங்கல் முடிந்த வாரம், துடைக்கும்போது நடு இலை கையோடு வந்துவிட்டது. அடி கறுத்து நாறியது. நர்சரி அம்மாவுக்குப் போன் செய்தேன். "நடுக்குருத்து போச்சுன்னா அவ்ளோதாம்மா" என்றார். ஆனாலும் மாசி வரை வைத்திருந்தோம். மிச்சமிருந்த இலைகளும் சுருங்கின. குப்பை வண்டி வந்த ஒரு காலையில் நானே கீழே கொண்டுபோய்ப் போட்டேன். வேறு செடி வாங்கட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அந்த மாதமே அவர் சூப்பர்வைசரிடம் கேட்டு முதல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். இப்போது சாயங்காலம் இருவரும் வீட்டில் இருக்கிறோம். அதிகம் பேசுவதில்லை. சில நாள் அவளைப் பற்றிப் பேசுகிறோம்.